நாலு பக்கமும் தெரிந்தால் பரப்பளவு தெரிந்துவிடுமா?

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் வெளி மதில் நீளங்கள் பல புத்தகங்களிலும் இணைய தளங்களிலும் கிடைக்கின்றன. கிழக்கு 700 அடி, மேற்கு 700 அடி, தெற்கு 1,479 அடி, வடக்கு 1,590 அடி. மொத்தப் பரப்பு சுமார் 25 ஏக்கர் என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள்.

இந்த நாலு எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வடக்கு மதில் தெற்கு மதிலைவிட 111 அடி அதிகம். அப்படியானால் அது செவ்வகம் இல்லை. ராஜகோபுரத்துக்கு முன்னால் நிற்கும்போது கட்டம் போட்டு வரைந்த மாதிரிதான் தெரியும், ஆனால் அளவு வேறு சொல்கிறது. செவ்வகம் இல்லாத ஒன்றின் பரப்பை நாலு பக்க நீளத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது என்பதுதான் பதில். ஆனால் இரண்டாயிரம் வருஷமாக உலகம் முழுக்க எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இன்றும் கோணலான அறைக்கு டைல்ஸ் போட, வாடகை பேச, பாகம் பிரிக்க அதே கணக்குதான் ஓடுகிறது.

மேஸ்திரி கணக்கு

அந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். எதிரெதிர் சுவர்களைக் கூட்டிப் பாதியாக்கு. அடுத்த ஜோடியையும் அப்படியே செய். இரண்டையும் பெருக்கு. கோயிலுக்குப் போட்டால் (1,479 + 1,590) ÷ 2 = 1,534.5 அடி. அதை 700-ஆல் பெருக்கினால் 10,74,150 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால் 24.66 ஏக்கர் வருகிறது. "சுமார் 25" என்று சொல்வதோடு ஒத்துப்போகிறது.

வசதியான கணக்கு. வாய்ப்பாடு தெரிந்தால் போதும், வர்க்கமூலம் வேண்டாம், கோணம் வேண்டாம். எகிப்தில் எட்ஃபு என்ற ஊரில் உள்ள கோயில் சுவரில், கோயிலுக்குத் தானமாக வந்த நிலங்களின் பட்டியல் செதுக்கப்பட்டிருக்கிறது. வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். அங்கேயும் இதே கணக்குதான். மூன்று பக்க நிலம் வந்தால் நாலாவது பக்கம் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு அதே சூத்திரத்தைப் போட்டிருக்கிறார்கள்! நம் பக்கத்தில் பிரம்மகுப்தர் கி.பி. 628-ல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்திலும் இது வருகிறது. ஆனால் அவர் இதைத் தோராயமான பரப்பு என்று தெளிவாகப் பெயர் வைத்துவிட்டுத்தான் சொல்கிறார்.

இந்தத் தோராயம் ஒரு பக்கமாகவே சாய்கிறது. சில சமயம் கூட, சில சமயம் குறைய என்று வருவதில்லை. எப்போதும் கூடத்தான் வரும். செவ்வகத்துக்கு மட்டும் சரியாக வரும்.

ஏன் எப்போதும் கூடவே வருகிறது?

ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். நாலு சுவர்களும் வரிசையாக 14, 13, 12, 9 அடி. மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பேர் வைத்துக்கொள்ளலாம். அ-ஆ 14 அடி, ஆ-இ 13, இ-ஈ 12, ஈ-அ 9.

மேஸ்திரி கணக்கு: (14 + 12) ÷ 2 = 13. (13 + 9) ÷ 2 = 11. பெருக்கினால் 143 சதுர அடி.

இப்போ அறையை அ-விலிருந்து இ-வுக்குக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணம் ஆக்குங்கள். ஆ மூலையில் 14 அடிச் சுவரும் 13 அடிச் சுவரும் சேர்கின்றன. அந்த முக்கோணத்தின் பரப்பு அதிகபட்சம் 14 × 13 ÷ 2 = 91. அதுவும் மூலை சரியான செங்கோணமாக இருந்தால் மட்டும்தான். கோணம் விரிந்தாலும் குறுகினாலும் பரப்பு குறையும். கதவை 90 டிகிரி திறந்து வைத்தால்தான் கதவின் வெளி நுனி சுவரிலிருந்து அதிக தூரத்தில் நிற்கும் இல்லையா, அதே விஷயம். ஈ மூலையில் அதிகபட்சம் 12 × 9 ÷ 2 = 54. ஆக அறையின் பரப்பு 91 + 54 = 145-ஐத் தாண்டவே முடியாது.

இன்னொரு குறுக்காகவும் வெட்டலாம், ஆ-விலிருந்து ஈ-க்கு. அப்போது அ மூலையில் அதிகபட்சம் 14 × 9 ÷ 2 = 63. இ மூலையில் 13 × 12 ÷ 2 = 78. மொத்தம் 141.

145, 141 இரண்டும் உச்சவரம்புகள். இரண்டுக்கும் சராசரி 143. அதேதான் மேஸ்திரி கணக்கின் விடை! இது தற்செயல் இல்லை. அந்தச் சூத்திரத்தை விரித்து எழுதினால் இந்த நாலு பெருக்கலும்தான் வரும். அதாவது அந்தக் கணக்கு அறையின் பரப்பைக் கொடுப்பதில்லை. அறை இருக்கக்கூடிய இரண்டு உச்சவரம்புகளின் சராசரியைக் கொடுக்கிறது. நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் தவிர உண்மையான பரப்பு அதற்குக் கீழேதான் இருக்கும்.

யாருக்கு லாபம் என்று பார்த்தால் விஷயம் புரியும். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குபவருக்கு எப்போதும் லாபம், கொடுப்பவருக்கு எப்போதும் நஷ்டம். வரி, வாடகை, விற்பனை, கூலி எதுவானாலும் சரி.

பாஸ்கரர் ஏன் கோபப்பட்டார்?

பிரம்மகுப்தர் தோராயத்தோடு நிற்கவில்லை. இன்னொரு நுட்பமான சூத்திரமும் தந்தார். நாலு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கு. அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழி. வரும் நாலு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடு. நம் அறைக்குப் பாதி 24. கழித்தால் 10, 11, 12, 15. பெருக்கினால் 19,800. வர்க்கமூலம் 140.7 சதுர அடி.

இது 143-ஐவிடக் குறைவு. ஆனால் இதுவும் எல்லா அறைக்கும் பொருந்தாது. நாலு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் விழும் வடிவத்துக்கு மட்டும்தான் சரி. அந்த நாலு நீளத்தை வைத்துச் செய்யக்கூடிய வடிவங்களில் அதுதான் மிகப் பெரியது. மற்ற எல்லாம் அதைவிடச் சிறியவை.

நாலு குச்சிகளை ஆணி அடித்துச் சேர்த்தால் ஒரு சட்டம் கிடைக்கும். மூலைகளில் ஆணி சுற்றும் என்பதால் அந்தச் சட்டத்தைப் பிடித்து நசுக்கலாம். பக்க நீளம் எதுவும் மாறாது, உள்ளே இருக்கும் இடம் மட்டும் குறைந்துகொண்டே போகும். நம் அறையில் அ-இ குறுக்களவு 15 அடியாக இருந்தால் பரப்பு 138. அதே சுவர்கள், குறுக்களவு 12 அடி என்றால் பரப்பு 122 சொச்சம்தான். 16 சதுர அடி காணாமல் போய்விட்டது, ஒரு சுவர்கூட நீளம் மாறவில்லை.

இரண்டாம் பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதியில் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார். செங்குத்து உயரமோ குறுக்களவோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவன் ஒரு பிசாசு, அதற்குப் பதில் சொல்பவன் அதைவிட மோசம் என்கிற பொருளில் திட்டியே விடுகிறார். கணக்குப் புத்தகத்தில் இவ்வளவு காட்டம் அபூர்வம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

கோயிலுக்கு வருவோம். நாலு மதிலும் ஒரே வட்டத்தில் அமையும் வடிவம் என்று வைத்தால் 24.58 ஏக்கர். மேற்கு மதிலும் வடக்கு மதிலும் சேரும் மூலை மட்டும் சரியான செங்கோணம் என்று வைத்தால் 24.50 ஏக்கர். மேஸ்திரி கணக்கு 24.66. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 7,050 சதுர அடி, அதாவது 16 சென்ட். "சுமார் 25 ஏக்கர்" என்று சொல்லும்போது இதெல்லாம் கண்ணில் படாது. மனைக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று கிரவுண்ட்.

ஒரு பாகப்பிரிவினை

எண்கள் காகிதத்தில் இருக்கிறவரைக்கும் ஒன்றுமில்லை. எங்கள் உறவில் ஒரு அண்ணன், ஒரு தங்கை. தேரடித் தெரு பக்கம் ஒரு சந்தில் அப்பா விட்டுப்போன பழைய வீடு. முன்கட்டு அறை அண்ணனுக்கு, பின்கட்டு அறை தங்கைக்கு, நடுக்கூடம் பொது என்று பேச்சு. முன்னறை 13-க்கு 11, சரியான சதுர மூலை. பின்னறை பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிக் கோணலாகப் போகிறது. அங்குலங்களைத் தள்ளிவிட்டு முழு அடியில் சொன்னால், மேலே நாம் பார்த்த 14, 13, 12, 9 அதுதான்.

மேஸ்திரி டேப் பிடித்து அளந்தார். முன்னறை 143. பின்னறையும் 143. "ரெண்டும் சமம், சண்டையே இல்ல" என்றார். எல்லோருக்கும் திருப்தி. தங்கைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "கட்டில் போட்டா அந்தப் பக்கம் நடக்கவே முடியல, எப்படிண்ணா சமம்?" என்று கேட்டாள். "அளந்தாச்சே, அப்புறம் என்ன?" என்று அண்ணன் முகம் மாறிவிட்டது. அவள் பேராசைப்படுகிற மாதிரி ஒரு பேச்சு அந்தக் கூடத்திலேயே எழ ஆரம்பித்தது.

நான் மேஸ்திரியிடம் குறுக்கே ஒரு அளவு எடுக்கச் சொன்னேன். "அஸ்திவாரம் மார்க் பண்ணும்போது கிராஸ் பாப்போம் சார், ரூம் அளக்கறதுக்கா?" என்று கேட்டுக்கொண்டே பிடித்தார். 15 அடி. இப்போ இரண்டு முக்கோணம். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்துக்கு, முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரான் பெயரில் வழங்கும் சூத்திரம் இருக்கிறது. பள்ளியில் படித்ததுதான்: மூன்று பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கி, அந்தப் பாதியையும், பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்த மூன்று எண்களையும் பெருக்கி வர்க்கமூலம்.

14, 13, 15: பாதி 21. 21 × 7 × 8 × 6 = 7,056. வர்க்கமூலம் 84.
12, 9, 15: பாதி 18. 18 × 6 × 9 × 3 = 2,916. வர்க்கமூலம் 54.

கூட்டினால் 138. முன்னறையைவிட 5 சதுர அடி குறைவு. அவர்கள் பேசிவைத்திருந்த விலை சதுர அடி 6,000 ரூபாய். ஆக 30,000 ரூபாய் வித்தியாசம், சமமாக்க அண்ணன் கொடுக்க வேண்டியது அதில் பாதி, 15,000. அண்ணன் போனில் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்து, "சரிதாம்மா நீ சொன்னது" என்றார். பணமாக வேண்டாம், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடத்தைத் தருகிறேன் என்று முடிவாயிற்று. எனக்கு அந்த 15,000-ஐவிட அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் பெரிதாகத் தெரிந்தது. அவள் கேட்டது பேராசை இல்லை, சரியான கேள்வி என்று அந்தக் கூடத்திலேயே தெரிந்துவிட்டது.

டேப் சரியாகப் பிடிக்காவிட்டால்?

நியாயமான கேள்வி. பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு மேடு பள்ளமாக இருக்கும், டேப் தொய்யும், ஒரு அங்குலம் முன்னே பின்னே வரும். நம் அறையில் குறுக்களவு ஒரு அங்குலம் தப்பினால் பரப்பு கால் சதுர அடிதான் மாறும். குறுக்களவே எடுக்காமல் விட்டால் 5 சதுர அடி தப்பு. கை நடுங்கி எடுத்த குறுக்களவுகூட, எடுக்காமல் விட்ட குறுக்களவைவிட எவ்வளவோ மேல்.

எண்களின் நுணுக்கம் வேறு, அளவின் நுணுக்கம் வேறு. ராஜராஜன் காலத்தில், கி.பி. 1000-ஐ ஒட்டி, சோழ நாட்டு நிலங்கள் அளக்கப்பட்டன. தஞ்சைக் கல்வெட்டுக் கணக்குகளில் வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை பின்னம் வருகிறது என்று வரலாற்று நூல்களில் எடுத்துக்காட்டுவார்கள். 12 அடிக் கோலால் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்ற பிற்காலக் கணக்கில் பார்த்தால் அது அரைச் சதுர மில்லிமீட்டர்! கோலால் அதை யாரும் அளந்திருக்க முடியாது. முந்திரி என்றால் 320-ல் ஒன்று, கீழ் முந்திரி என்றால் அதிலும் 320-ல் ஒன்று என்று பின்ன வாய்ப்பாடு கீழே கீழே போவதால் வகுத்தலில் விழுந்த எண் அது. கால்குலேட்டர் எட்டு தசமம் காட்டுவது மாதிரிதான்.

ஐந்து மூலை, ஆறு மூலை இருந்தால்?

எத்தனை மூலையானாலும் முக்கோணமாக வெட்டலாம். ஆனால் டேப் பிடிக்கும் வேலை கூடும். அதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. நேரான ஒரு சுவரை அடிக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையும் அந்தச் சுவரில் எத்தனையாவது அடிக்கு நேராக வருகிறது, சுவரிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று இரண்டு எண் எழுதுங்கள். செங்குத்துக்கு மேஸ்திரியின் மூலைமட்டம் போதும். இல்லாவிட்டால் 3, 4, 5 அடிக் கயிறு.

ஒரு ஐந்து மூலை அறை: (0, 0), (12, 0), (12, 9), (7, 13), (0, 10). அடுத்தடுத்த இரண்டு மூலைகளை எடுத்து, முதலாவதின் முன் எண்ணை இரண்டாவதின் பின் எண்ணால் பெருக்கி, அதிலிருந்து இரண்டாவதின் முன் எண்ணை முதலாவதின் பின் எண்ணால் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். சுற்றி வந்து மறுபடி முதல் மூலையில் முடிக்க வேண்டும். வரிசையாக 0, 108, 93, 70, 0. கூட்டினால் 271. பாதி 135.5 சதுர அடி. பெருக்கல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் இதற்கு ஷூ லேஸ் முறை என்று பெயர். புரோகிராம் எழுதினால் பத்து வரிகூட வராது. நிலத்தின் பரப்பு காட்டும் மொபைல் ஆப்களும் இந்த வகைக் கணக்கைத்தான் போடுகின்றன.

நம் ஊர் சர்வேக்கும் இது புதிதில்லை. 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. மெட்ராஸ் ராஜதானியின் நில அளவை முறையே குறுக்குக்கோடும் அதிலிருந்து இழுக்கும் செங்குத்துக் கோடுகளும்தான். உங்கள் நிலத்தின் எஃப்.எம்.பி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்துக்குக் குறுக்கே கோடுகள் ஓடும், அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் சின்னச் சின்னக் கோடுகள் போகும். வயலுக்கு இவ்வளவு பார்க்கும் நாம் வீட்டு அறைக்குப் பார்ப்பதில்லை.

வட்டம் வந்தால்

வட்டமான சுவருக்குக் காரி நாயனாரின் கணக்கதிகாரம் அழகான வழி தருகிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு, பரப்பு வந்துவிடும். இது தோராயம் இல்லை, முழுக்கச் சரி. பை என்ற எண்ணே வேண்டாம். கயிறு போட்டுச் சுற்றளவு எடுத்தால் போதும். அரை வட்டமாக இருந்தால், வளைந்த சுவரின் நீளத்தை விட்டத்தில் பாதியால் பெருக்கி, அதில் பாதி.

வடிவமே சொல்ல முடியாத தரைக்குக் கோலப்புள்ளி இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு புள்ளி என்று கட்டமாக வையுங்கள். மூலைகள் எல்லாம் புள்ளிகளில் விழும் நேர்கோட்டு வடிவமாக இருந்தால், உள்ளே இருக்கும் புள்ளிகளோடு எல்லைக்கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகளில் பாதியைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் பரப்பு. 3-க்கு 2 செவ்வகத்தில் போட்டுப் பாருங்கள்: உள்ளே 2, எல்லையில் 10. ஆக 2 + 5 − 1 = 6. ஆஸ்திரியக் கணிதர் ஜார்ஜ் பிக் 1899-ல் வெளியிட்ட தேற்றம் இது. டைல்ஸ் போட்ட தரையாக இருந்தால் இன்னும் சுலபம். முழு டைல்ஸ்களை எண்ணி, வெட்டுப்பட்டவற்றில் பாதியைச் சேர்த்தால் நெருங்கிய விடை வரும். இரண்டடி டைல்ஸ் என்றால் ஒன்றுக்கு 4 சதுர அடி.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம்

சூத்திரம் சரியாக இருந்தும் சண்டை வரும் இன்னொரு இடம் சுவர். சுவரின் உள்முகமா, வெளிமுகமா? 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்பெட் ஏரியா என்றால் உள்ளே புழங்கக்கூடிய பரப்பு. வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர் சேரும். பழைய வீடுகளில் சுவரே ஒன்றரை அடி கனம் இருக்கும் என்பதால், இதைப் பேசாமல் அளக்க ஆரம்பித்தால் மேலே பார்த்த 5 சதுர அடியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

ஆகவே வாடகை ஒப்பந்தமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ எழுதுகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். அளவு சுவரின் எந்த முகத்திலிருந்து எடுத்தது? குறுக்களவு எடுத்தார்களா? இரண்டு குறுக்கும் எடுத்தார்களா? ஒரு குறுக்கு இருந்தாலே பரப்பு கிடைத்துவிடும். இரண்டாவது எடுப்பது முதலாவதைச் சரிபார்க்க. அந்தக் குறுக்களவு எண்ணைப் பத்திரத்தோடு இணைக்கும் வரைபடத்திலும் எழுதச் சொல்லுங்கள். முப்பது வருஷம் கழித்து யாராவது சந்தேகப்பட்டால், சுவர் நிற்கிறதோ இல்லையோ, அந்த எண்ணை வைத்து அறையை மறுபடி வரைந்துவிடலாம்.

கோயில் மதிலின் குறுக்களவு யாரிடமாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். 24.50-ஆ 24.58-ஆ, அல்லது அதற்கும் கீழேயா என்று கணக்குப் போட்டு இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.